நாலாம் நம்பர் பெட்டி பேசாத காலை

1

இந்தக் கதை என்னுடையது இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது கண்டுபிடித்துக் கேட்டால் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியிருக்கும். கோலசிலாங்கூர் பழைய கடைத்தெருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்த ஜக்கரியா நானா சொன்னது இது. நான் அவரிடம் கதை கேட்கப் போகவில்லை. கடைக்கு மேல் மாடி காலியாக இருந்தது; எழுதுவதற்கு ஓர் அறை கிடைக்குமா என்று கேட்கப் போனேன்.

"மாடி வேணாம் தம்பி," என்றார். "அங்க முன்ன ஒரு ரேடியோ ஆபீஸ் இருந்துச்சு. பாட்டுப் போடுற ரேடியோ இல்ல. கரையோரம் தண்ணி எவ்வளவு ஏறுதுன்னு கேட்டுக்கிட்டே உக்காந்திருக்கிற ரேடியோ. அர்ஜுனன்னு ஒருத்தன் உக்காந்திருந்தான். அதுக்கப்புறம் அந்த மாடிய நான் யாருக்கும் குடுக்கல."

அறை கிடைக்கவில்லை, கதை கிடைத்தது. அதையும் அவர் ஒரே மாலையில் மூன்று தடவை சொன்னார். மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ஒரு தடவை எண்பத்து நாலு என்றார், இன்னொரு தடவை எண்பத்தைந்து. மழை கொட்டியது என்றார். பிறகு, மழையே இல்லை, தண்ணீர் மட்டும் வந்தது என்றார். நான் எண்பத்தைந்து நவம்பர் என்று வைத்துக்கொண்டேன். நவம்பரில் எப்படி மழை என்று யாரும் என்னிடம் சண்டைக்கு வரமாட்டார்கள்.

2

எப்படித் தொடங்குவது என்பதில் ஒரு வாரம் போயிற்று. அடித்ததை அப்படியே விட்டிருக்கிறேன்.

அர்ஜுனன் காலை எட்டு மணிக்கு மாடியேறி ரேடியோ முன்னால் உட்கார்ந்தபோது வானம் —

(வானத்தில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.)

ஐந்து பெட்டிகளில் நான்கு பேசின. ஐந்தாவது —

(அவசரம். பெட்டி என்றால் என்ன என்று சொல்லவே இல்லையே.)

பேட்டரி தீர்ந்துபோவதுதான் அர்ஜுனனுடைய பிரச்சினை.

இது இருக்கட்டும். அழகில்லை, ஆனால் பொய்யில்லை.

2 (மறுபடியும்)

பேட்டரி தீர்ந்துபோவதுதான் அர்ஜுனனுடைய பிரச்சினை. கடலோரத் தோட்டங்களில் நிலம் கடலைவிடத் தாழ்வு. நடுவில் ஒரு மண்கரை, கரையில் அங்கங்கே தண்ணிக் கதவுகள். கடல் வற்றும்போது கதவைத் தூக்கினால் தோட்டத்துத் தண்ணீர் வெளியே போகும். கடல் ஏறும்போது இறக்கவேண்டும். மறந்தால் உப்புத்தண்ணீர் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத்துக்கும், தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டுக்கும் சேர்த்து வரும்.

ஒரு சின்ன கம்பெனி (பெயர் வேண்டாம், இப்போது இல்லை) ஐந்து கதவுகளில், தோட்டத்துப் பக்கம், கதவுக்கு ஒரு பெட்டி வைத்தது. பெட்டிக்குள் ஒரு ரேடியோ, ஒரு லோரி பேட்டரி. கீழே குழாயில் ஒரு மிதவை. தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதைக் கம்பியே இல்லாமல் ஜக்கரியா கடை மாடிக்குச் சொல்லும். மாடியில் அர்ஜுனன் நோட்டில் எழுதுவான்.

முதலில் கால்மணிக்கு ஒரு தடவை சொன்னது. ஒன்பது நாளில் பேட்டரி செத்தது. பேசத்தான் பேட்டரி அதிகம் செலவு. சும்மா இருக்கக் கொஞ்சம்தான். ஒன்பது நாளுக்கு ஒருமுறை ஐந்து லோரி பேட்டரிகளை மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டு, சேற்றில் வழுக்கி, கரையோரம் போய் மாற்றி வந்தான். கம்பெனி மேனேஜர் பார்த்தார். "மூணு மாசம் தாங்கலன்னா இத எவன் வாங்குவான்? வருசக் கடைசியில கடைய மூடவேண்டியதுதான்" என்றார்.

அப்போதுதான் அர்ஜுனனுக்கு அவன் அப்பா ஞாபகம் வந்தார். சன்னாசி மண்டோர், தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிறவர். காலைப் பெரட்டில் நூற்றிருபது பேரை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட அவருக்குப் பொறுமை கிடையாது. "வராதவன் எவன்டா? வராதவன் மட்டும் சொல்லு" என்பார். பக்கத்து வீட்டுக்காரன் சொல்வான். ஒரு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். *

* (ஜக்கரியா இதைச் சொல்லவில்லை. நான் சேர்த்தது. ஆனால் இப்படி ஒரு மண்டோர் எல்லாத் தோட்டத்திலும் இருந்திருப்பார்.)

அர்ஜுனன் பெட்டிகளையும் அப்படியே மாற்றினான். மணிக்கு ஒருமுறை கண் விழி, மிதவையைப் பார். நாலு அங்குலத்துக்குமேல் மாறியிருந்தால் மட்டும் பேசு. மாறாவிட்டால் வாயைத் திறக்காதே. மாடியில் ஒன்றும் கேட்கவில்லை என்றால் எல்லாம் நலம் என்று அர்த்தம்.

பெரட்டில் வராதவனுக்காகப் பேசப் பக்கத்து வீட்டுக்காரன் இருந்தான். கரையில் ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் நடுவே இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல், தூரம். இதை அர்ஜுனன் யோசித்தானா என்று எனக்குத் தெரியவில்லை. நான் இதை எழுதும்போதுதான் யோசித்தேன்.

3

மற்ற நான்கு பெட்டிகளுக்கும் ஐந்து வாரம், ஆறு வாரம் பேட்டரி தாங்கியது. நாலாம் நம்பர் பெட்டி பதினோராவது வாரத்தில் இருந்தது.

நாலாம் நம்பர் இருந்தது அசாம் ஜாவாவுக்கு அந்தப் பக்கம் ஏழாங்கட்டைத் தோட்டத்தில். பேட்டரியின் வாயில் சீல் ஒட்டி, மாட்டிய தேதி எழுதி, மேனேஜரே கையெழுத்துப் போட்டிருந்தார். அவர் இப்போது எல்லோரிடமும் நாலாம் நம்பரைப் பற்றித்தான் பேசினார். வெள்ளிக்கிழமை கோலாலம்பூரிலிருந்து ஆட்கள் வந்து பார்க்கப்போகிறார்கள். பிடித்துவிட்டால் முப்பது கதவுகளுக்குப் பெட்டி, அர்ஜுனனுக்கு நிரந்தர வேலை. பிடிக்காவிட்டால் மாடி காலி.

ஆனால் நோட்டில் ஒரு கோளாறு. நாலாம் நம்பர் அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும் மட்டும்தான் வாயைத் திறந்திருந்தது. நடுவில் பத்துப் பத்து நாள் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. திங்கட்கிழமை அர்ஜுனன் நேரில் போனான்.

(இங்கே புஷ்பவள்ளி வருகிறாள். அவளைப் பற்றி எனக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. ஜக்கரியா அவளைப் பார்த்ததே இல்லை. "கதவு பாக்குற பொம்பள" என்று மட்டும் சொன்னார். பெயர் நான் வைத்தது. வயது நாற்பது என்று வைத்திருக்கிறேன். புருஷன் செம்பனைப் பழம் வெட்டுகிறான். தண்ணிக் கதவின் சக்கரத்தைச் சுற்றும் வேலை எட்டு வருடமாக இவளுடையது. பெட்டிமேல் படியும் உப்பைத் துடைக்கச் சாவியும் இவளிடம்தான்.)

புஷ்பவள்ளி பெட்டியைத் திறந்து காட்டினாள். துணி வைத்துத் துடைத்து உள்ளே பளபளவென்று இருந்தது. சுவிட்ச் அணைந்திருந்தது.

"அக்கா, இத யாரு அணைச்சது?"

"நான்தான்."

"எப்பலேருந்து?"

"நீங்க இந்தப் பேட்டரி வச்ச மறுநாளேர்ந்து. தண்ணி வராத நாள்ல அது எதுக்குத் தம்பி சும்மா எரியணும்?"

அர்ஜுனன் கரைமேலேயே உட்கார்ந்துவிட்டான். அவனுக்குக் கோபம் வரவில்லை. அவனும் லயத்தில் பிறந்தவன். தோட்டத்து இஞ்சின் சாயங்காலம் ஆறிலிருந்து பத்துவரை ஓடும், அந்த நாலு மணி நேரம்தான் கரண்ட். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். ரேடியோ பேட்டரியைச் செய்தி முடிந்ததும் கழற்றி, தகரக் கூரையில் வெயிலில் காயவைத்து, மறுபடி போடுவார்கள். அணைக்காமல் விடுவது எந்த லயத்திலும் நடக்காது. இவளிடம் "அணைக்காதே" என்று சொல்லவேண்டும் என்பதே அவனுக்குத் தோன்றாமல் போயிருந்தது.

"தண்ணி எப்ப வரும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எட்டு வருசமா பாக்குறேன்லா. அமாவாசைக்கு முன்ன ரெண்டு நாளு, பின்ன மூணு நாளு. பௌர்ணமிக்கும் அப்படித்தான். அப்ப போடுவேன். மத்த நாள் அணைப்பேன். பேட்டரி தாங்குதா இல்லியா, சொல்லுங்க?"

தாங்கியது. பதினோரு வாரம் தாங்கியது. அர்ஜுனன் ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டும் வராத யோசனை அது. தண்ணீர் வரும் நாளில் விழித்திரு, மற்ற நாளில் தூங்கு. இதை அப்படியே அறிக்கையில் எழுதி, கீழே "ஏழாங்கட்டைத் தோட்டம், கதவு பார்க்கும் புஷ்பவள்ளி" என்று போட்டிருக்கலாம். நான் அவனாக இருந்தால் போட்டிருப்பேனா என்று இரண்டு நாள் யோசித்தேன். பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆனால் அதில் ஓர் ஓட்டையும் இருந்தது. எல்லாத் தண்ணீரும் பஞ்சாங்கம் பார்த்து வருவதில்லை. மேலே கெர்லிங் பக்கம் இரண்டு நாள் மழை பிடித்தால், ஆறு அதைத் தூக்கிக்கொண்டு எந்தத் திதியிலும் கீழே வரும்.

4

அர்ஜுனன் மீட்டரை எடுத்துப் பேட்டரியில் வைத்துப் பார்த்தான். முள் சிவப்புக்கு ஓரமாக நின்றது. வேறு பேட்டரி மோட்டார்சைக்கிளில்தான் இருந்தது. மாற்றினால் சீல் போகும், தேதி போகும், பதினோரு வாரம் போகும், வெள்ளிக்கிழமை போகும். மாற்றவில்லை.

பிறகு அவன் செய்தது எனக்குப் புரியவே இல்லை. சுவிட்சைப் போட்டான். பதினோரு வாரப் பொய்யைத் திருத்த அவனுக்குத் தைரியமில்லை. மிச்சம் இருக்கிற நான்கு நாளாவது உண்மையாக இருக்கட்டும் என்று நினைத்தான். பாதி வழியில் வரும் நேர்மையை என்னவென்று சொல்வது?

"அக்கா, வெள்ளிக்கிழமை வரைக்கும் இத அணைக்காதீங்க."

"சரி."

"கதவையும் நீங்களா இறக்காதீங்க. நீங்க முந்திக்கிட்டா தண்ணி மாறாது, பெட்டி பேசாது, வர்றவங்களுக்கு நாங்க என்னத்தக் காட்டுறது? தண்ணி ஏறுனா பெட்டி எனக்குச் சொல்லும், நான் ஆபீஸ்ல கிராணிக்குப் போன் பண்ணுவேன், அவரு வாசல்ல தொங்குற தண்டவாளத்த அடிப்பாரு. சத்தம் கேட்டாதான் நீங்க கதவத் தொடணும்."

புஷ்பவள்ளி அவனையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க படிச்சவங்க. சொன்னா சரிதான்," என்றாள்.

கரைக்குக் கீழே, கதவிலிருந்து ஐம்பது அடியில், ஆயாக்கொட்டகை இருந்தது. காட்டு வேலைக்குப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் இடம். அன்னம்மா ஆயா பதினொரு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடக்கத் தெரிந்தது நாலு, மற்றதெல்லாம் தொட்டிலில்.

5

வியாழக்கிழமை. (முதல் பிரதியில் வெள்ளிக்கிழமையே வைத்திருந்தேன், கோலாலம்பூர்க்காரர்கள் கண்ணெதிரில். சினிமா மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.)

காலை ஒன்பது மணிக்கு ஆற்றோரம் இருக்கிற முதல் பெட்டி பேசியது. நாலு அங்குலம் ஏற்றம். ஒன்பதரைக்கு இரண்டாவது. பத்து அடிக்கக் கொஞ்சம் இருக்கையில் மூன்றாவது, எட்டு அங்குலம். அமாவாசை போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. கணக்குப்படி வரக்கூடாத தண்ணீர்.

கீழேயிருந்து ஜக்கரியா தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

"கெர்லிங் லோரிக்காரன் சொன்னான், அங்க ரெண்டு நாளா விடாத மழையாம். இங்க பாரு, வெயிலு. என்ன சொல்லுது உன் பெட்டி?"

"மூணு சொல்லிருச்சு நானா. நாலு சொல்லல."

"சொல்லலன்னா?"

"சொல்லலன்னா தண்ணி மாறலன்னு அர்த்தம்."

"அப்ப நல்லது."

"நல்லதுதான்."

ஜக்கரியா போகவில்லை. அங்கேயே நின்றார். இரண்டு பேரும் பேசாத ஒரு ரேடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அர்ஜுனனுடைய மண்டைக்குள் இரண்டு கதைகள் ஓடின. ஒன்று: புஷ்பவள்ளி அக்கா அவன் பேச்சைக் கேட்காமல் கதவை முன்பே இறக்கிவிட்டாள், உள்ளே தண்ணீர் ஏறவில்லை, பெட்டி சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு: முள் சிவப்பைத் தாண்டிவிட்டது, பெட்டி செத்துக் கிடக்கிறது. இரண்டுக்கும் நோட்டில் ஒரே வெற்றுக் கட்டம்தான். அவன் கையாலேயே செய்த ஏற்பாடு அது.

எழுந்து மோட்டார்சைக்கிளை எடுத்தால் முக்கால் மணி நேரம். போனை எடுத்தான்.

"ஏழாங்கட்டை ஆபீஸ்," என்றார் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி உமாபதி.

"சார், அர்ஜுனன் பேசறேன். அங்க தண்ணி எப்படி சார்?"

"என்ன தம்பி என்னக் கேக்குற? பெட்டி வச்சிருக்கிறவன் நீ. பெட்டி என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல சார்."

"அப்ப சரி. ஒண்ணும் இல்ல. நானும் அதான் நெனச்சேன், தம்பி போன் பண்ணலியே, ஒண்ணும் இருக்காதுன்னு."

"இல்ல சார், ஒருதடவ யாரையாவது கதவுகிட்ட —"

"கதவுல புஷ்பவள்ளி நிக்கிறா. ஏதாச்சும்னா சத்தம் போடமாட்டாளா? சத்தம் இல்லலா. நீ பயப்படாத."

போனை வைத்தான். மனசு கொஞ்சம் லேசானது. கிராணிக்கும் லேசாகியிருக்கும். ஆளுக்கொரு மௌனத்தைக் காட்டி ஒருவரையொருவர் தேற்றிவிட்டார்கள்.

பத்தே கால்.

6

இங்கே மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) பேட்டரியின் கடைசி மூச்சில் நாலாம் நம்பர் ஒரே ஒரு தடவை பேசுகிறது. அர்ஜுனன் துள்ளி எழுகிறான். — பேட்டரிக்கு மனசு இருப்பதுபோல ஆகிவிட்டது. கிழித்தேன்.

(ஆ) அர்ஜுனன் மாடிப்படியில் நாலு நாலாகத் தாவி இறங்கி, மோட்டார்சைக்கிளை முறுக்கி, அசாம் ஜாவா சந்தியில் — முக்கால் மணி நேரத்தை நான் எவ்வளவு குறைத்தாலும் அவன் போய்ச்சேரும்போது பதினொன்று. கிழித்தேன்.

(இ) ஜக்கரியா சொன்ன முடிவு.

அதை இவ்வளவு நேரம் மறைத்தது தப்பு. அவர் சொன்னது இவ்வளவுதான்: "ஒண்ணும் ஆகல தம்பி. அந்தப் பொம்பள தண்ணியப் பாத்தா, கதவ இறக்கிட்டா. அவளுக்கென்ன, எட்டு வருசமா பண்ற வேலதானே." அப்படியானால் அர்ஜுனன் எங்கே போனான், மாடியை ஏன் யாருக்கும் கொடுக்கவில்லை என்று கேட்டேன். அவர் எழுந்துபோய் ஏற்கெனவே துடைத்திருந்த மேசையை மறுபடி துடைத்தார். ஒன்றும் ஆகவில்லையா, ஆனதைச் சொல்லவில்லையா, எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆனால் வேறொன்று தெரியும். அவர் சொன்ன மூன்று தடவையிலும் அர்ஜுனன் அவளிடம் சுவிட்சை அணைக்காதே என்று மட்டும்தான் சொன்னான். "கதவையும் தொடாதே" என்றது நான். நாலாம் பகுதியில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கதை தளர்ந்துகிடக்கிறதே என்று அந்த வரியை அவன் வாயில் போட்டேன். எழுதியதும் நன்றாகத்தான் இருந்தது. அது போதாதென்று கரைக்குக் கீழே ஆயாக்கொட்டகையைக் கட்டினேன். ஐந்து பிள்ளைகள் போதும் என்று முதலில் எழுதி, பதினொன்று ஆக்கினேன்.

இப்போது அந்த வரியை அடிக்கலாம் என்று பார்த்தால் முடியவில்லை. அடித்துப் பார்த்தேன். கதவைத் தொட அவளுக்குத் தடையே இல்லை என்றால், பெட்டி செத்ததில் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. அர்ஜுனன் செய்ததும் தப்பில்லை என்று ஆகிவிடுகிறது. அந்த வரி இருந்தால்தான் இது கதை. இருந்தால் அவள் கதவைத் தொடமாட்டாள். நான் குழம்பிப் போயிருக்கிறேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அவளையே மீறவைக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். முயன்றேன். "புஷ்பவள்ளி சக்கரத்தில் கை வைத்தாள்" என்று எழுதினால் அவள் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். படிச்சவங்க சொன்னா சரிதான் என்று சொன்னவள். எட்டு வருடம் தன் கண்ணை நம்பியவளை, இரண்டு வரியில், தன் கண்ணை நம்பாதவளாக்கியவன் நான். இப்போது போய் நம்பு என்றால் எந்த முகத்தோடு சொல்வேன்?

எனவே கதை பத்தே காலில் நிற்கிறது. கதவடிப் படியில் நிற்கும் அவள் முழங்காலைத் தண்ணீர் தொட்டுவிட்டது. கொட்டகையில் அன்னம்மா ஆயா ஒரு பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டுகிறாள். தரை நனைவதை இன்னும் பார்க்கவில்லை. புஷ்பவள்ளி ஆபீஸ் இருக்கிற பக்கம் தலையைச் சாய்த்துத் தண்டவாளச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறாள். கிராணி அடிக்கமாட்டார், அர்ஜுனன் சொல்லவில்லை. அர்ஜுனன் சொல்லமாட்டான், பெட்டி சொல்லவில்லை. நான் சொன்னால் கேட்கமாட்டாள்.

அந்தக் கரையில் மிச்சம் இருப்பது நீங்கள் ஒருவர்தான். அக்கா என்று கூப்பிடுங்கள், திரும்புவாள். நீண்ட விளக்கம் வேண்டாம், பெட்டியைப் பற்றிப் பேசவேண்டாம். உங்கள் கண்ணால் பார்த்ததைச் செய்யுங்கள் அக்கா என்று மட்டும் சொல்லுங்கள். சக்கரம் அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.